கொசு இல்லாத ஊரில் எண்ணெய் வேலை

தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கியதுமே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. கடல் தாண்டி, கொழும்பில் ரயில் பிடித்து, மலைக்குள்ளும் குகைக்குள்ளும் புகுந்து வந்து இறங்கினால், காதில் விழுகிறது எங்கள் திருச்சிப் பேச்சு. “ஏய், அந்த மூட்டைய இங்கிட்டு தள்ளி வையிடி, ஆளு போக வேணாமா?” என்று ஒரு பெண் யாரையோ அதட்டினாள். கண்ணை மூடினால் மணப்பாறைச் சந்தை. கண்ணைத் திறந்தால் மூச்செல்லாம் புகையாகப் போகிற குளிர். எந்த ஊரில் இருக்கிறோம் என்று எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. என் பிழைப்பு அழுக்கு எண்ணெய். லாரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடி ஓடிக் கருத்துப்போன எண்ணெயை வாங்கி, காய்ச்சி வடித்து, திரும்ப நல்ல எண்ணெயாக்கும் தொழிற்சாலையில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கொழும்பில் ஒரு கம்பெனி அதே வேலையைத் தொடங்க நினைத்து எங்கள் முதலாளியிடம் யோசனை கேட்டிருந்தது. அந்த நாட்டிலும் அப்போது இதற்கெல்லாம் விதி வந்துகொண்டிருந்தது. பழைய எண்ணெயைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது, மூடி போட்ட பீப்பாயில் சேர்க்க வேண்டும், அனுமதி உள்ளவரிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் எவ்வளவு சேரும், என்ன தரத்தில் இருக்கும் என்று பார்த்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார் முதலாளி. “இப்ப சமாதான காலம், ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க” என்றார். அவ்வளவு தைரியம் இருந்தால் அவரே போயிருக்கலாம்.

ரயிலிலேயே பசி பிடுங்கித் தின்றது. கூடையில் வடை கொண்டுவந்தான் ஒருவன். ஆசையாக வாங்கிப் பார்த்தால் வடையின் நடுவில் மீசையோடு ஓர் இறால் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. நான் சைவம். பக்கத்து இருக்கைச் சிங்களப் பாட்டியம்மாள் என் முழியைப் பார்த்துச் சிரித்து, வடையை வாங்கிக்கொண்டு, முதலை வடிவத்தில் சீனி தூவிய ஒரு பன்னைக் கையில் கொடுத்தார். இறாலுக்குப் பதில் முதலை. அதைத்தான் தின்றேன்.

ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போகக் காத்திருந்தவர் கணேசலிங்கம், சுற்றாடல் அதிகாரி, அதாவது நம் ஊர்ச் சுற்றுச்சூழல் அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. “வாங்கோ அக்கா. பயணம் சுகமாய் இருந்ததோ? களைச்சுப் போனியளே?” என்றார். திருச்சிப் பேச்சு கேட்கிற ஊரில், தமிழே பேசுகிற ஒரு மனிதர் சொல்வது எனக்குப் பாதிதான் புரிந்தது. தலையை ஆட்டி வைத்தேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் மூன்று நாளும் தலையை ஆட்டித்தான் காலத்தை ஓட்டினேன்.

லிந்துலைப் பக்கம் போகிற வழியில் வேன் நின்றுவிட்டது. டிரைவர் நிமல் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். “எண்ணெய் மாத்த வேணுமாம்” என்று மொழிபெயர்த்தார் கணேசலிங்கம். நிமல் இருக்கைக்கு அடியிலிருந்து புது எண்ணெய் டப்பாவை எடுத்தார். பழைய எண்ணெயை அடியில் திறந்துவிட்டார். கருகருவென்று அது ரோட்டோரச் சாக்கடையில் இறங்கித் தேயிலைச் செடிகளைப் பார்த்துப் போனது. பழைய எண்ணெயைப் பாதுகாக்க வந்த இரண்டு பேர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தோம்! கணேசலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. சிங்களத்தில் ஒரு பாட்டு விட்டார். நிமல் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னதை வேனில் ஏறிய பிறகுதான் கணேசலிங்கம் எனக்குச் சொன்னார்: “வேற எங்கே ஊத்துறது, ஐயா? உங்கட பைக்குள்ளயா?”

நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் தரையே கருப்பாகத்தான் இருக்கும் என்றாலும், பழைய எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் விற்றுவிடுவார்கள். வாங்க ஆள் உண்டு. இங்கே ஆள் இல்லை. அந்த ஆளாகத்தான் நாங்கள் வரப்போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். கணேசலிங்கம் துரையைப் பார்க்க மேலே பங்களாவுக்குப் போய்விட்டார். தோட்ட மானேஜருக்கு அங்கே இன்னும் துரை என்றுதான் பெயர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் துரை போகவில்லை. நான் கீழே, கண்ணாடிக் குழாயும் குப்பிகளும் அடங்கிய என் பையோடு நின்றேன். குப்பிகளைப் பார்த்து இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று, “டாக்டரம்மா வந்திருக்காங்கடி. எதுல புடிச்சுக் குடுக்கச் சொல்லுவாங்களோ தெரியல” என்று கிசுகிசுத்தார்கள். ஐயோ, நான் அந்த டாக்டர் இல்லை தாயே என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

எண்ணெய்க் கொட்டகையை நானே தேடிக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை, நாலு பீப்பாய். மூடிகள் பேருக்கு இருந்தன. எட்டிப் பார்த்தால் மூன்றில் அடியில் கொஞ்சம் வண்டல். நாலாவதில் கால்வாசி. தொழிற்சாலையில் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, இரண்டு லாரி, ஒரு டிராக்டர். கணக்குப்படி பீப்பாய்கள் நிரம்பி வழிய வேண்டும். எண்ணெய் எங்கே?

டீமேக்கரைக் கேட்டேன். தொழிற்சாலையை நடத்துகிறவர் அவர்தான். “அடுப்புல ஊத்திருவோங்க. வெறகு ஈரமா இருந்தா எரியாது பாருங்க” என்றார். தேயிலை உலர்த்தும் அந்த அடுப்பைப் போய்ப் பார்த்தேன். அடுப்புக்காரர் சொன்னார்: “எண்ணெயா? அத ஊத்துனா தேயிலையில வாட ஏறிருங்க. தொர தோல உரிச்சிருவாரு.” வெளியே வந்து கண்டாக்கைக் கேட்டேன். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டக்டருக்கு அங்கே அப்படித்தான் பெயர். நல்ல மனிதர், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துப் பேசினார். “வேலி மரத்துக்குப் பூசிர்றோங்க. கறையான் வராது.” வேலி மரங்களைப் போய்த் தடவினேன். கை சுத்தமாகத் திரும்பி வந்தது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாரும் மரியாதையாக, சிரித்த முகமாக, அப்பட்டமாகப் பொய் சொல்கிறார்கள். எதற்கு? இந்த அழுக்கு எண்ணெயைத் திருடி யார் மாளிகை கட்டப்போகிறார்கள்? எனக்குத் தலை சுற்றியது.

தலைசுற்றலைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, லயத்து வாசலில் நின்ற ஒரு பெண் கூப்பிட்டாள். லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்; அந்த அறைக்குக் காம்பரா என்று பெயர். “வாங்கம்மா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. மொகமே வாடிப்போச்சு.” ஐம்பது வயதிருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பெயர் ராக்கம்மா.

இஸ்தோப்பில், அதாவது லயத்து முன்வாசலில், உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். கூடவே தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும், நாக்கில் தீ வைக்கிற சம்பலும். மாசிக்கருவாடு போடாததுதானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு தின்றேன். இரண்டு ரொட்டி போதும் என்றேன், நாலாவது வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். தேத்தண்ணியில் என்னவோ ஒரு வாடை. என் கையை முகர்ந்து பார்த்தேன். காலையிலிருந்து பீப்பாயைத் தொட்ட கை. என் கையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

“கால்ல என்னங்க?” என்று கேட்டேன்.

“கொழுந்துக் கூடையோட சறுக்கி விழுந்துட்டேங்க. இடுப்பு கூடல. மல ஏற முடியாது. பழைய தொர நல்ல மனுசன், லேசான வேலையாக் குடுத்தாரு. அதுல தான் ஒரு பேர் விழுது.” பேர் என்றால் ஒரு நாள் கூலி. பெயர் போட்டால்தான் கூலி என்பதால், கூலிக்கே பேர் என்று பெயராகிவிட்டது.

“என்ன வேலை?”

சட்டென்று எழுந்தாள். “அது சும்மா, லேசான வேலங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் எனக்கு விடை கிடைத்தது. கிடைத்ததும் இன்னும் குழம்பிவிட்டேன். லயத்துக்கு மேலே உள்ள பாதையில் ராக்கம்மா சாய்ந்து சாய்ந்து போகிறாள். கையில் வாளி. தண்ணீர் ஓடும் கான் ஒவ்வொன்றின் முன்பும் நின்று, டப்பாவால் மொண்டு, பூஜை செய்கிற மாதிரி பக்தியாக ஊற்றுகிறாள். கருப்பாக! எங்கள் எண்ணெய்!

ஓடிப்போய்ப் பிடித்தேன். “என்னங்க பண்றீங்க?”

அவள் மாட்டிக்கொண்ட முகத்தோடு நின்றாள். “கொசுவுக்குங்க.”

“இந்தக் குளிர்ல கொசு ஏதுங்க? வந்ததிலிருந்து ஒண்ணுகூடக் கடிக்கலையே.”

“அதாங்க. எண்ணெ ஊத்துறதால தான் இல்ல.”

துருவித் துருவிக் கேட்டதில் கதை வெளியே வந்தது.  எங்கேயோ கீழ்நாட்டில் மலேரியா வந்த காலத்தில், எந்தத் துரையோ, கானில் எண்ணெய் ஊற்றச் சொல்லி ஓர் உத்தரவு போட்டிருக்கிறான். அதற்கப்புறம் வந்த எந்தத் துரையும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், கொழுந்துக்கு இத்தனை பேர், புல் வெட்ட இத்தனை பேர் என்று சொல்லும்போது, எண்ணெய் வேலைக்கு ஓர் ஆள் என்றும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கொசு இல்லாத ஊரில் கொசு மருந்து! நாளாக ஆக அது மலை ஏற முடியாதவர்களுக்கான வேலையாகிவிட்டது. ராக்கம்மாவுக்கு முன்னால் மாசக்கணக்காகச் சீக்கில் கிடந்த ஒருவர், அவருக்கு முன்னால் கண் தெரியாத ஒருவர். அதனால்தான் டீமேக்கரும் கண்டாக்கும் ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் போனால் ராக்கம்மாவின் பேர் போகும்.

அந்தக் கான் எங்கே போகிறது என்று கூடவே இறங்கிப் பார்த்தேன். பாறையைச் சுற்றி வந்து, லயத்துப் பின்னால் மூங்கில் குழாய் வழியாகக் கொட்டுகிறது. அதை அவர்கள் பீலி என்கிறார்கள். பெண்கள் குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தேங்குகிற இடத்தில் நீலமும் ஊதாவுமாக மெல்லிய படலம் மினுங்கியது. காலையில் குடித்த தேத்தண்ணி ஞாபகம் வந்தது. வாடை என் கையிலிருந்து வரவில்லை.  அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் கணேசலிங்கம் துரையோடு இறங்கி வந்தார். பீலியை அவரும் பார்த்துவிட்டார். கொதித்துப்போய் நின்றார். “சனங்கள் குடிக்கிற தண்ணி! இதை ஊத்தினது ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும். கோட்டில வழக்குத்தான் போட வேணும். நாளைக்குக் காலமை பீப்பாய் எல்லாம் பாப்பம். குறைஞ்சிருந்தால் விடமாட்டன்.”

துரை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தோட்டம் யாரையும் ஊற்றச் சொல்லவில்லையாம். அப்படி யாராவது தன் இஷ்டத்துக்கு ஊற்றியிருந்தால் அந்த ஆளின் பேரை நாளையோடு வெட்டிவிடுகிறாராம். கண்டாக்கு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் என் செருப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? கணேசலிங்கம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கண்டாக்கின் பார்வையும் சரி. 

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் எனக்குக் கொடுத்திருந்த அறையில், விடியும் நேரத்தில் குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு விழித்தேன். பாவம், இந்தக் குளிரிலும் இவ்வளவு சீக்கிரம் தண்ணீருக்குப் போகிறார்களே என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன்.

பெரட்டு முடிந்தும் அன்று யாரும் மலைக்குப் போகவில்லை. கொட்டகையைச் சுற்றிக் கூட்டம், நடுவில் துரை. கணேசலிங்கம் முதல் பீப்பாயைத் திறந்தார். நிறைந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாமே விளிம்பு வரை, கருகருவென்று, பளபளவென்று. அவர் ஆச்சரியமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைவிட ஆச்சரியமாக முழித்தேன். நேற்று நான் பார்த்தது வேறு கொட்டகையா? எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?

“சோதிச்சுச் சொல்லுங்கோ அக்கா” என்றார்.

கண்ணாடிக் குழாயை முதல் பீப்பாயின் அடிவரை இறக்கி, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினேன். குழாயின் மேல்பக்கம் நாலு விரற்கடை கருப்பு. அதற்குக் கீழே முழுக்கத் தண்ணீர். பளிங்கு மாதிரி பீலித் தண்ணீர்.

எங்கள் ஊரில் இது தெரிந்த தில்லுமுல்லு. பீப்பாயில் பாதி தண்ணீரை ஊற்றி, மேலே மிதக்கிற எண்ணெயைக் காட்டி, முழு விலை வாங்கிவிடுவார்கள். எத்தனை பேரைத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஆனால் இங்கே யாரும் விலை கேட்கவில்லை. பீப்பாய் நிறைந்திருந்தால் யாரும் எதையும் எங்கேயும் ஊற்றவில்லை என்று ஆகிவிடும். அதற்காக ஒரு லயமே எழுந்து, இருந்த கால்வாசி எண்ணெயை நாலுக்கும் பங்கிட்டு, இருட்டில், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்திருக்கிறது. அடக் கடவுளே, எண்ணெய்க்காரியை வைத்துக்கொண்டு பீப்பாயில் தண்ணீர் ஊற்றலாமா!

நிமிர்ந்து பார்த்தேன். ராக்கம்மா எல்லாருக்கும் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசைப் பெண்களின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் கட்டைவிரல் வலித்தது. எடுத்தால் எல்லாம் கொட்டிவிடும்.

“தண்ணி இருக்கு” என்றேன்.  “நிறையவே இருக்கு. மழைத் தண்ணி. மூடி எதுவும் சரியில்லை, கூரையும் ஒழுகுது. எல்லாம் உள்ளே இறங்கியிருக்கு.”

கணேசலிங்கம் தரையைப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. “ராத்திரி மழை பெய்ததோ?” என்று கூட்டத்தைக் கேட்டார்.

“பெஞ்சுச்சுங்க!” என்று ஒரே குரலாக வந்தது. “செம மழைங்க!” “எங்க காம்பரா எல்லாம் ஒழுகிப்போச்சுங்க!” கண்டாக்கு தலையை மட்டும் ஆட்டினார்.

கணேசலிங்கத்தின் பார்வை நனைந்த சேலைகள் மேல் ஒருமுறை போனது. பின்னாலிருந்த பாதைக்குப் போனது. கொட்டகையிலிருந்து பீலிவரை அந்தப் பாதை ஒன்றுதான் ஈரமாக இருந்தது. அவ்வளவு ஒழுங்காகக் கோடு போட்டுப் பெய்த மழையை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. 

“ஓம்” என்றார் அவர் மெதுவாக. “இந்த மலையில எங்க பெய்யும், எங்க பெய்யாதெண்டு சொல்லேலாது.”

அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. விட்டால் போய்விடும் என்று நான் அவசரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டேன். விதிப்படி பழைய எண்ணெயில் தண்ணீர் சேரக் கூடாது, எண்ணெய் மண்ணிலும் விழக் கூடாது, தினமும் மூடியைப் பார்க்க, ஒழுக்கைத் துடைக்க, கொட்டகையைப் பூட்ட ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பு லாரி இங்கே வராது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கணேசலிங்கம் அதை ஆங்கிலத்தில் துரைக்குச் சொன்னார். நான் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னார். கான்களைச் சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும், துரையின் முகம் அப்படி மாறியது. கண்டாக்கிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

“ஏற்கனவே எண்ணெ வேலைக்கு ஒரு ஆளு இருக்குங்க, தொர” என்றார் கண்டாக்கு. “அதுக்கே பேர் போட்டுக்கலாம்.”

துரை சரி என்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருத்தி, “டாக்டரம்மா நல்லவங்கடி” என்றாள். நான் செய்தது நல்லதா, கெட்டதா, எங்கள் முதலாளிக்கு இதை எப்படி எழுதுவது, எதுவும் எனக்கு விளங்கவில்லை. வேனுக்கு நடக்கும்போது கணேசலிங்கத்திடம் கேட்டேன். “எனக்கும் விளங்கேல்லை அக்கா. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

தேத்தண்ணி ராக்கம்மா வீட்டில். எங்களை விடுவாளா? இஸ்தோப்பில் உட்காரவைத்து, கூச்சத்தோடு டம்ளரை நீட்டினாள். கணேசலிங்கம் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் குடித்தேன். அதே வாடை. இன்று தெரிந்தே குடித்தேன்.

“இனிமே கான்ல ஊத்தாதீங்க, ராக்கம்மா. அந்தத் தண்ணியத்தான் நீங்க எல்லாரும் குடிக்கிறீங்க.”

“ஊத்த மாட்டேங்க. சத்தியமா ஊத்த மாட்டேன்.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “ஏங்கம்மா, எண்ணெ ஊத்தாட்டி இந்தத் தேத்தண்ணி ருசி மாறிருமா?”

“மாறும். நல்லா மாறும்” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. “எம் மக கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நிக்குது. தீவாளிக்குத்தான் வரும். வந்ததும் மொத வேலையா இதத்தான் கேட்டுக் குடிக்கும். அங்க தேத்தண்ணி சப்புன்னு இருக்காம், நம்ம வீட்டு ருசி வரவே இல்லையாம். நானும் கருப்பட்டி போட்டுப் பாரு, இஞ்சி போட்டுப் பாருன்னு சொல்லி அனுப்பினேன். வரலைங்குது.” சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். “இனி அது வந்து கேட்டா, நான் எதப் போட்டுக் குடுக்குறதுங்க?”

  பக்கத்தில் கணேசலிங்கம் தன் டம்ளரை ஒரே மடக்கில் குடித்துக் கீழே வைத்தார். நானும் குடித்து முடித்தேன்.

“இன்னொரு வாய் ஊத்தவாங்க?” என்றாள்.

ஊற்றுங்கள் என்று டம்ளரை நீட்டினேன்.